ஹீட் வந்து இரண்டு மாதம் கழித்து நாய் ஏன் சாக்ஸுக்குக் காவல் இருக்கிறது?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டாலி, நான்கு வயது லேப்ரடார் பெட்டை, 28 கிலோ. ஹீட், அதாவது இணைசேரும் பருவம், வந்து ரத்தம் பட ஆரம்பித்து ஒன்பது வாரம் ஆகிறது. ஆண் நாய் எதையும் அண்டவிடவில்லை. பத்து நாளாக ஒரு பழைய சாக்ஸையும் பையனின் ரப்பர் வாத்தையும் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறாள். சாப்பாடு பாதியாகிவிட்டது. ராத்திரி முனகுகிறாள், தரையைப் பறண்டுகிறாள். ஆறு வயதுப் பையன் வாத்தை எடுக்கப் போனபோது முதல்முறையாக உறுமியிருக்கிறாள். மடி வீங்கியிருக்கிறது. பாலைப் பீய்ச்சிவிட்டு மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்கிறார் மாமியார். ஒரு தடவை குட்டி போடவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று கணவருக்குக் கோபம்.

டாலி கெட்டுப்போகவில்லை. இது பொய்ச் சினை. அவள் உடம்பைப் பொறுத்தவரை குட்டி போட்டாயிற்று. அந்தக் குட்டிகள்தான் சாக்ஸும் வாத்தும். பையனைப் பார்த்து உறுமியது, குட்டியைத் தூக்க வந்தவரைப் பார்த்து ஒரு தாய் உறுமியது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். ஆனால் இதே நாட்களில் வரக்கூடிய ஆபத்தான நோய் ஒன்று இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் தண்ணீர்க் கிண்ணம் பற்றிய பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

நான் அரசுக் கால்நடை மருந்தகத்தில் முப்பது வருடம் மாட்டையும் ஆட்டையும் பார்த்தவன். அதனால் மாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் என்பது மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். சினைமுட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்று மஞ்சளாக ஒரு திரட்சி உண்டாகி, சினையைக் காப்பாற்றும் புரொஜெஸ்டிரான் ஹார்மோனைச் சுரக்கும். சினை பிடிக்கவில்லை என்றால் ஏறக்குறைய 17ஆம் நாள் வாக்கில் கர்ப்பப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அனுப்பி அதைக் கரைத்துவிடும். ‘இந்தத் தடவை இல்லை, அடுத்த முட்டைக்குத் தயாராகு’ என்று தகவல் சொல்கிற மாதிரி.

நாயின் கர்ப்பப்பை அந்தத் தகவலை அனுப்புவதே இல்லை. ஆணுடன் சேர்ந்ததா, சினை பிடித்ததா என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஹீட் முடிந்த ஒவ்வொரு பெட்டை நாயின் உடம்பிலும் அந்தத் திரட்சி சுமார் இரண்டு மாதம் இருந்து புரொஜெஸ்டிரானைச் சுரந்துகொண்டே இருக்கும். சினையாக இருக்கும் நாயின் ரத்தத்தையும் சினையாக இல்லாத நாயின் ரத்தத்தையும் எடுத்துப் புரொஜெஸ்டிரான் அளவை மட்டும் பார்த்தால் எது எது என்று சொல்ல முடியாது. நாயின் சினைக்காலம் சராசரியாக 63 நாள். டாலிக்கு ஒன்பது வாரம் என்கிறீர்கள். கணக்கு ஏறக்குறைய எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

இரண்டு மாதத்தின் கடைசியில் புரொஜெஸ்டிரான் இறங்கும். அது இறங்க இறங்க மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரொலாக்டின் ஏறும். பால் சுரக்க வைப்பது அதுதான். தாய்க் குணத்தைக் கிளப்பிவிடுவதிலும் பெரிய பங்கு அதற்குத்தான். பறண்டுவது குட்டி போட இடம் தயார் செய்வது. முனகுவது குட்டியைக் கூப்பிடுவது. சாப்பாடு குறைவதும் கட்டிலுக்கு அடியில் ஒளிவதும் அதே பட்டியல்தான். இந்த ஏற்ற இறக்கம் எல்லாப் பெட்டை நாய்க்கும் உண்டு. சிலதுக்கு மட்டும் வெளியே தெரியும்படி வரும். ஒரே நாய்க்கு ஒரு ஹீட்டில் ஒன்றுமே தெரியாமல் போய் அடுத்ததில் பால் சொட்டுவதும் உண்டு. அதனால் ‘இதுவரை இப்படி வந்ததில்லையே’ என்று பயப்பட வேண்டாம்.

உடம்பு இப்படி ஒரு வீண் வேலையை ஏன் செய்கிறது என்று கேட்டால், ஓநாய்க் கூட்டத்தைக் காட்டி ஒரு விளக்கம் சொல்வார்கள். கூட்டத்தில் பொதுவாக ஒரு ஜோடிதான் குட்டி போடும். மற்றப் பெண் ஓநாய்களும் அதே சமயத்தில் இந்தத் தாய் மனநிலைக்கு வந்தால் குட்டிகளைக் கவனிக்க ஆள் கிடைக்கும். சித்தி, பெரியம்மா எல்லாம் கூட இருக்கிற வீடு மாதிரி. இதை நிரூபிப்பது கஷ்டம், ஆனால் எனக்குப் பிடித்த விளக்கம்.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நாய்க்கு ரத்தம் படுவதை நம் வீடுகளில் பெண்களின் மாதவிலக்கு என்றே நினைக்கிறார்கள். இரண்டும் நேர் எதிர். பெண்களுக்கு முட்டை வீணான பிறகு ரத்தம் வரும். நாய்க்கு முட்டை வெளியேறுவதற்கு முன்னால் வரும். சராசரியாக முதல் ஒன்பது நாள் ரத்தம் படும், ஆண் நாய் மோப்பம் பிடித்து வரும், ஆனால் பெட்டை விடாது. அடுத்த ஒன்பது நாள் வாக்கில்தான் சேரவிடும். இரண்டுமே சில நாளில் முடியலாம், இரண்டரை வாரம்கூட இழுக்கலாம். ரத்தம் நின்றதும் ஆபத்து முடிந்தது என்று கேட்டைத் திறந்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். டாலி விஷயத்திலும் முதலில் உறுதி செய்யவேண்டியது இதுதான். ‘எந்த ஆணும் வரவில்லை’ என்று சத்தியம் செய்தவர்களின் வீட்டில் நாலு குட்டிகளை நானே எடுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்பது வாரத்தில் வயிற்றில் குட்டி இருந்தால் எலும்புகள் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும், ஸ்கேனும் போதும். மருந்து கொடுப்பதாக இருந்தால் இதைப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது. ஏன் என்று கீழே வருகிறது.

சரி, உறுமலுக்கு வருவோம். வீட்டில் சின்னப் பையன் இருப்பதால் எனக்கு இதுதான் முக்கியம். சாக்ஸை அவள் வாயிலிருந்தோ காலடியிலிருந்தோ பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அவள் கற்றுக்கொள்வது ‘உறுமினால் போதாது’ என்பதை மட்டும்தான். அடுத்த தடவை உறுமலைத் தாண்டிவிடுவாள். உறுமியதற்கு அடிப்பது அதைவிட மோசம். உறுமல் என்பது கடிக்காமல் இருப்பதற்காக நாய் செய்யும் மரியாதை. அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாய் ஒன்று வீட்டில் இருக்கும். கணவரிடம் இதை மட்டுமாவது சொல்லிவிடுங்கள். பையனுக்கு ஒரே ஒரு விதி போதும்: கட்டிலுக்குப் பக்கத்தில் போகக் கூடாது, குனிந்து பார்க்கவும் கூடாது. ஆறு வயதுக்குச் சொன்னால் புரியும், ஆனால் ஞாபகம் இருக்காது. அதனால் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அந்த அறைக் கதவைச் சாத்தி வையுங்கள்.

அந்தப் பொருட்களை எடுத்துவிடுவதா, விட்டுவிடுவதா? கண்ணில் படும்வரை நக்குவாள், அணைத்துப் படுப்பாள். அந்தத் தூண்டுதலே புரொலாக்டினை இறங்கவிடாமல் பிடித்து வைக்கும். அதனால் எடுத்துவிடுவதுதான் சரி. ஆனால் அவள் வீட்டில் இல்லாத நேரத்தில். ஒருவர் அவளை வெளியே நடக்கக் கூட்டிப்போகட்டும். வீட்டில் இருப்பவர் கட்டிலுக்கு அடியைக் காலி செய்து, உள்ளே நுழைய முடியாதபடி பெட்டியோ பலகையோ வைத்து அடைக்கட்டும். திரும்பி வந்து ஒரு நாள், இரண்டு நாள் தேடுவாள், அழுவாள். நமக்குத்தான் மனசு கேட்காது. அந்த நேரத்தில் இன்னொரு நடை கூட்டிப்போங்கள். வழக்கமாக இரண்டு தடவை என்றால் நாலு தடவை. வேறு பொம்மை கொடுத்துச் சமாதானம் செய்தால் அதுவும் குட்டியாகிவிடும்.

இரண்டு பெட்டை நாய் இருக்கும் வீடுகளில் இந்தச் சமயத்தில் சண்டை வரும். இது வழக்கமான முறைப்பு இல்லை, ரத்தம் வருகிற சண்டை. அப்படிப்பட்ட வீடுகளில் சாப்பாட்டையும் படுக்கையையும் சில வாரம் பிரித்து வைப்பதே நல்லது.

இனி மடி. மாமியார் சொன்னதில் பாதியை விட்டுவிடுங்கள், மீதிப் பாதியில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பீய்ச்சவே கூடாது. மாட்டுக்கு நாம் தினமும் செய்கிற அதே வேலைதான்: கறக்கக் கறக்கச் சுரக்கும். வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பது, வயிற்றைத் தடவிக்கொடுப்பது எல்லாமே கறப்பதற்குச் சமம். அவளே நக்கிக்கொண்டிருந்தால் கழுத்துக்குக் கூம்புக் காலர் போடுங்கள், அல்லது பழைய பனியன் ஒன்றை மாட்டிவிடுங்கள். மல்லிகைப்பூ கட்டிப் பாலை வற்ற வைப்பது நம் பக்கம் பிள்ளை பெற்றவர்களுக்குக் காலம் காலமாகச் செய்வதுதான். 1988இல் வெளியான ஓர் ஆய்வில், பால் வற்ற வேண்டிய பெண்களுக்கு மல்லிகைப்பூவையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலுமே புரொலாக்டின் குறைந்தது. மாமியாரைச் சும்மா சிரித்து ஒதுக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் நாய்க்குக் கட்டினால் ஐந்து நிமிஷத்தில் பிய்த்துத் தின்றுவிடும், அதுவும் லேப்ரடார்.

பாலும் முட்டையும் ஊட்டச்சத்துப் பொடியும் இப்போது வேண்டாம். ‘பாவம் சாப்பிடவில்லையே’ என்று கோழி ஈரல் வேகவைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அது மடிக்குத்தான் போகும். பசி குறைந்திருப்பது இந்த நேரத்தில் ஒரு விதத்தில் நல்லதே. ஆனால் பால் வற்றட்டும் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். மடியில் ஏதாவது ஒரு பகுதி மட்டும் சூடாக, சிவந்து, கல் மாதிரி இருந்தாலோ, பாலில் ரத்தமோ சீழோ வந்தாலோ அது மடிநோய். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

இவ்வளவு செய்தும் பத்துப் பன்னிரண்டு நாளில் குறையவில்லை, அல்லது உறுமல் முற்றுகிறது என்றால் கேபர்கோலின் என்ற மருந்து இருக்கிறது. புரொலாக்டினை நேரடியாக இறக்கும், மேலே சொன்ன புரோமோகிரிப்டினின் உறவுக்கார மருந்து. நாய்க்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், தினம் ஒரு வேளை, ஐந்து முதல் ஏழு நாள். 28 கிலோ நாய்க்கு 140 மைக்ரோகிராம். மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் மாத்திரை பெரும்பாலும் 500 மைக்ரோகிராம். முழு மாத்திரையைப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்து, உடைக்கிற விதத்தையும் சொல்லாமல் இதைத் தொடவேண்டாம். இன்னொரு விஷயம், சினையாக இருக்கும் நாய்க்கு இதைக் கொடுத்தால் கரு கலைந்துவிடும். முதலில் ஸ்கேன் என்று நான் அடித்துச் சொன்னது அதனால்தான். சில நாய்கள் இந்த மாத்திரையால் வாந்தி எடுக்கும்; சாப்பாட்டோடு கொடுத்தால் குறையும். அந்த வாந்திக்கு வீட்டில் இருக்கும் மெட்டோகுளோபிரமைடு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அது புரொலாக்டினை ஏற்றும் மருந்து. ஒரு கையால் இறக்கி மறு கையால் ஏற்றுவதாகிவிடும்.

ஹீட்டே வராமல் தள்ளிப்போடவும் பொய்ச் சினையை அடக்கவும் புரொஜெஸ்டிரான் வகை ஊசி போட்டுவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதை வீட்டுக்குள் விடவே கூடாது. கர்ப்பப்பையைச் சீழ் பிடிக்கத் தயார் செய்வதும், மடிக்கட்டிக்கு வழி வைப்பதும் அதே ஹார்மோன்தான்.

இப்போது தண்ணீர்க் கிண்ணம். ஹீட் முடிந்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம்வரை, அதாவது பொய்ச் சினை வருகிற அதே சுற்றில், கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோய் வரும். பயோமெட்ரா என்பார்கள். அந்த இரண்டு மாதப் புரொஜெஸ்டிரான் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைத்து, அதன் வாயை மூடி, அங்குள்ள நோய் எதிர்ப்பையும் குறைத்துவிடுகிறது. ஹீட் சமயத்தில் உள்ளே ஏறிய கிருமி, பெரும்பாலும் ஈ.கோலி, அங்கே சுகமாக வளரும். ஸ்வீடனில் நாய்களுக்குக் காப்பீடு எடுப்பது சாதாரணம். கருத்தடை செய்வது குறைவு. அங்குள்ள காப்பீட்டுக் கணக்கின்படி, பத்து வயதுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பெட்டை நாய்க்கு இந்த நோய் வந்திருக்கிறது. அரிய நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆரம்பத்தில் இது பார்ப்பதற்குப் பொய்ச் சினை மாதிரியே இருக்கும்: சோர்வு, சாப்பாடு வேண்டாம், மூலையில் படுத்துக்கொள்வது. வித்தியாசம் தண்ணீரில். கிருமியின் நச்சு சிறுநீரகத்தைப் பாதிப்பதால் சிறுநீரைக் கெட்டியாக்க முடியாமல் நிறையப் போகும், அதை ஈடுகட்ட நிறையக் குடிக்கும். கர்ப்பப்பையின் வாய் திறந்திருந்தால் பின்னால் சீழ் ஒழுகும், நாற்றம் வரும், கண்டுபிடித்துவிடலாம். மூடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, அதுதான் உயிரை வாங்குவது. ஒன்பது வயதுப் பொமரேனியன் ஒன்றை ஒருவர் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். ‘ஹீட் முடிஞ்ச அசதி சார், ரெண்டு நாள்ல சரியாயிடும்னு பார்த்தோம்’ என்றார். தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்டேன். ‘அதெல்லாம் நல்லா குடிக்குது, வாளி வாளியா’ என்று சந்தோஷமாகச் சொன்னார். அறுவைக்கு அனுப்பினோம், மேஜைக்குப் போகும் முன்பே போய்விட்டது.

அதனால் இன்று ராத்திரியே அளந்துவிடுங்கள். பால் பாக்கெட் அரை லிட்டர் என்று கணக்கு வைத்து ஊற்றினாலே போதும். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால், டாலிக்கு 2.8 லிட்டர், அது வெயிலால் வந்த தாகம் இல்லை. அதோடு வாந்தி, வயிறு உப்பல், காய்ச்சல், பின்பக்க ஒழுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். வயதான நாய்களில் இதே சமயத்தில் சர்க்கரை நோயும் தலைகாட்டும். புரொஜெஸ்டிரான் மடியிலிருந்தே வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைத்து இன்சுலினை வேலை செய்யவிடாமல் செய்யும். அதற்கும் அறிகுறி தண்ணீர்தான். ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன், இரண்டும் தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு என் பதில் சின்னது. ஒரு தடவை குட்டி போட்டால் பொய்ச் சினை வராது என்பது உண்மையில்லை. குட்டி போட்ட நாய்க்கும் அடுத்த ஹீட்டுக்குப் பிறகு வரும்.

திரும்பத் திரும்ப வருகிறது, குட்டி போடவைக்கும் எண்ணமும் இல்லை என்றால், முட்டை உண்டாகும் சினைப்பையையும் கர்ப்பப்பையையும் எடுத்துவிடுவதுதான் நிரந்தர வழி. பயோமெட்ராவும் அதோடு போய்விடும். லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் மாதிரிப் பெரிய ஜாதிகளில் ரொம்பச் சின்ன வயதில் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றன. நாலு வயது டாலிக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் எப்போது செய்வது என்பதில்தான் நானே சறுக்கினேன்.

செவலை என்று ஒரு சிப்பிப்பாறை வைத்திருந்தேன். ஹீட் முடிந்து ஏழு வாரம். மடி லேசாக வீங்கியிருந்தது, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுவை செய்யும் நண்பருக்கு அந்த ஞாயிறு ஓய்வு, எனக்கும் விடுமுறை. முடித்துவிட்டோம். சினைப்பையை எடுத்ததும் புரொஜெஸ்டிரான் ஒரே நாளில் அதலபாதாளத்துக்கு விழுந்தது, புரொலாக்டின் எகிறியது. இறங்கிப் போகவேண்டிய பொய்ச் சினை அப்படியே தங்கிவிட்டது. ஒரு தேங்காய் மட்டையை வைத்துக்கொண்டு நாலு மாதம் மாட்டுக் கொட்டகையை யாருக்கும் விடவில்லை. பால்காரரைக் கடித்தாள். கடைசியில் கேபர்கோலின் கொடுத்துத்தான் அடங்கியது. நண்பர் நன்றாகத்தான் செய்தார். நாள் குறித்தது நான். மாட்டு டாக்டர் புத்தி.

டாலிக்கு இப்போதே அறுவை செய்யலாம் என்று யாராவது சொன்னால், பயோமெட்ரா மாதிரி அவசரம் இல்லாதவரை, ஒத்திப்போடச் சொல்லுங்கள். பால் முழுசாக வற்றி, பழைய டாலியாகி, ஹீட் முடிந்து மூன்று மாதம் தாண்டிய பிறகுதான் சரியான நேரம். அடுத்த ஹீட் சராசரியாக ஏழு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் இடையில் வேண்டிய அவகாசம் இருக்கிறது. அறுவைக்கு முன் ஒரு முலைக்காம்பை லேசாக அழுத்திப் பாருங்கள். துளி பால் வந்தாலும் தேதியைத் தள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது நான்கு விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: ரத்தம் பட ஆரம்பித்த தேதி, ஒரு நாள் தண்ணீர் எவ்வளவு, வாந்தி அல்லது ஒழுக்கு உண்டா, எப்போதெல்லாம் உறுமினாள். ஒன்பதாவது வாரத்தில் ஆரம்பித்த உறுமல் பதினான்காவது வாரத்திலும் நீடித்தால் நான் ஹார்மோனை விட்டுவிட்டு இடுப்பு, காது, பல் என்று வலியைத் தேட ஆரம்பிப்பேன். அதற்கும் இந்தத் தேதிகள்தான் வேண்டும்.